விலங்கு வீரர்களின் மாயக் கதைகள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், பள்ளிக்கூட நூலகங்களிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளிலும் பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் கதைப்புத்தகம் வாசிக்கிறவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. சுண்டெலி வாளெடுக்கும், முயற்கூட்டம் புது ஊர் தேடிப் போகும், கிழட்டுக் கரடி காவல் நிற்கும் வகைக் கதைகளைப் பற்றியவை. இவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகவே கைக்கு வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

இது பஞ்சதந்திரம் மாதிரித்தானே? புதுசா என்ன இருக்கு?

பாதி சரி. பஞ்சதந்திரத்தில் ஒரு விலங்குக்கு ஒரு குணம்; புத்தி வந்து சேர்ந்ததும் கதை நின்றுவிடும். நாம் பேசும் வகையில் ஒரே பயணம் இருநூறு, முந்நூறு பக்கத்துக்கு ஓடும். பயந்தாங்கொள்ளி நடுவழியில் துணிவான், துணிந்தவன் ஓரிடத்தில் சறுக்குவான். விலங்குகளுக்கென்று சட்டமும் பாட்டும் பழங்கதையும் இருக்கும். முன்பக்கத்தில் வரைபடமும் கிடைக்கலாம்.

இரண்டுக்கும் இடையில் ஒரு பாலம் உண்டு: பஞ்சதந்திரத்தின் மித்திரலாபப் பகுதி. வேடன் ஆமையைக் கட்டித் தூக்கிப் போகிறான். மான் செத்ததுபோல் கிடக்கிறது, காகம் அதன் கண்ணைக் கொத்துவதுபோல் நடிக்கிறது. வேடன் ஆமையைக் கீழே போட்டுவிட்டு மானிடம் ஓட, எலி கயிற்றை அறுக்கிறது. ஒவ்வொன்றும் தன் உடம்பால் முடிந்ததை மட்டும் செய்கிறது. இந்தக் கதையை முதலில் சொல்லிப் பாருங்கள். “பிறகு அவை எங்க போச்சினம்?” என்று கேட்கிற பிள்ளை பெரிய கதைக்கு ஆயத்தம்.

எத்தனையாம் தரத்தில தொடங்கலாம்?

கேட்க என்றால் தரம் 2இல் தொடங்கலாம். தானே வாசிக்க தரம் 5, 6 ஆகும். ஆனால் வயதைவிடப் புத்தகத்தின் அடர்த்திதான் முக்கியம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை உரத்து வாசிக்க விடுங்கள். அந்த ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடக்கினால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு நீங்கள்தான் வாசித்துக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் விட்டுவிட்டு ஓடுவதற்கு நாம் அதிகம் காணும் காரணம் பெயர்கள். முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் பத்துப் பெயர் வந்து விழும், அதுவும் வாயில் நுழையாத பெயர். ஒரு மட்டையில் பெயர், என்ன விலங்கு, யாருடைய பக்கம் என்று மூன்று நிரல் போட்டு எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். பெயரை மாற்ற வேண்டாம். உங்கள் வாய்க்கு வசதியாக மாற்றினால் அடுத்த கிழமை வேறொருவர் வாசிக்கும்போது குழப்பம் வரும்.

புலமைப்பரிசில் பரீட்சை வருது. இப்ப கதைப்புத்தகம் என்னத்துக்கு?

வாசித்து விளங்கிக்கொள்ளும் பழக்கம் எந்த வினாத்தாளுக்கும் உதவும், உண்மைதான். ஆனாலும் பரீட்சைக்கு நல்லது என்று சொல்லி இந்தக் கதைகளைக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த புத்தகத்தை மாதிரி வினாத்தாளின் இன்னொரு பக்கமாகவே பிள்ளை பார்க்கும். படுக்கப் போகமுன் பதினைந்து நிமிடம், கேள்வி கேட்காமல். அது போதும்.

ஒரே ஒரு புத்தகம் கிடக்கு, பிள்ளையள் முப்பது பேர். என்ன செய்யிறது?

உரத்து வாசியுங்கள். முழுப் புத்தகத்தையும் ஃபோட்டோ கொப்பி எடுப்பது பதிப்புரிமைப்படி பிழை, செலவும் கூட. கணக்கு இப்படி: தமிழில் நிதானமாக, குரல் மாற்றி வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் போகும். 40 நிமிடப் பாடவேளையில் வாசிப்புக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் 1,800 சொல். பக்கத்துக்கு 200 சொல் உள்ள 200 பக்கப் புத்தகம் 40,000 சொல். 22, 23 அமர்வில் முடியும். கிழமைக்கு இரண்டு அமர்வு என்றால் ஒரு தவணை.

மிச்ச 20 நிமிடத்தில் முதல் ஐந்து போன முறை நடந்ததைப் பிள்ளைகளே சொல்ல. கடைசிப் பதினைந்து கதைக்க, வரைய. படத்தை நடந்து நடந்து காட்டப் போனால் கதை அறுந்துவிடும். படத்தை முடிவில் ஒரு மேசையில் திறந்து வைத்தால் வரிசையாக வந்து பார்ப்பார்கள். வரைபடம் உள்ள புத்தகம் என்றால் அதைப் பெரிய மட்டையில் கீறிச் சுவரில் ஒட்டி, வீரர்கள் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டூசி குத்துங்கள்.

வன்னியில் பெரிய சிக்கல் வரவு. வயல் விதைப்பு, அரிவி வெட்டு, மாரியில் குளம் திறந்து வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்கிற நாள் எல்லாம் வகுப்பில் பாதிதான் இருக்கும். திரும்பி வருகிற பிள்ளைக்குக் கதை விளங்காது, பிறகு வராமலே விடும். ஒவ்வொரு அமர்வு முடிவிலும் இரண்டு வரிச் சுருக்கத்தை ஒரு பிள்ளை எழுதி வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். இந்த இரண்டு வரியை விட்டுவிட்டவர்கள்தான் பாதிப் புத்தகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

முயல் நிலத்துக்குக் கீழ ஊர் கட்டுதாம். எங்கட காட்டு முயல் அப்பிடிச் செய்யாதே?

பிள்ளை சொல்வது சரி, புத்தகமும் சரி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதுதான் வினை. ஐரோப்பியக் கதைகளில் வருவது வளைமுயல். கூட்டமாக இருக்கும், மண்ணுக்குள் பல வாசல் வைத்து வளை தோண்டும், குட்டி மயிரில்லாமல் கண் மூடிப் பிறக்கும். நம் பற்றைகளில் இரவில் வெளிச்சம் பட்டு நிற்பது வேறு இனம். அது தனியன். வளை தோண்டாது, புல்லை அமத்திப் பள்ளம் போட்டுக் கிடக்கும். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும்.

முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கூட்டம், காவல், வாசல், சுரங்கத்துக்குள் சண்டை, புது ஊர் தேடல் எல்லாம் வளைமுயலுக்குத்தான் பொருந்தும். இதைச் சொல்லாமல் விட்ட இடங்களில் “எழுதினவருக்கு முயலைத் தெரியாது” என்று பிள்ளைகள் முடிவு கட்டி விடுகிறார்கள். காடு தெரிந்த பிள்ளை அப்படி நினைப்பதில் பிழை சொல்ல முடியாது.

முள்ளம்பன்றி பந்தாச் சுருளுது எண்டு போட்டிருக்கு. பிழைதானே?

மொழிபெயர்ப்பில் வந்த பிழை. மூலத்தில் இருந்தது முள்ளெலியாக இருக்கும். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கும் அளவு, சுருண்டால் முட்பந்து. இலங்கையில் முள்ளெலி இல்லை. நம் முள்ளம்பன்றி பத்துக் கிலோவுக்கு மேல் வரும், சுருளவே சுருளாது. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகப் பாயும். நம் காட்டில் பந்தாகச் சுருள்வது அழுங்கு.

இதே போல இன்னும் சில. கறுப்பு வெள்ளைக் கோடு முகத்தில் ஓடுகிற, வளை தோண்டுகிற, நாயளவு விலங்கைச் சிலர் கரடி என்றே போட்டுவிடுகிறார்கள். அது வளைக்கரடி; கரடியின் உறவு அல்ல. மண்ணுக்குள்ளேயே சீவிக்கிற, கண் சரியாகத் தெரியாத அகழெலியை மூஞ்சூறு என்று எழுதுவதும் நடக்கிறது. நம் வீட்டு மூஞ்சூறின் நாற்றத்தை நினைத்துப் பிள்ளைகள் சிரிக்க, சோகமான கட்டம் கெட்டுப்போகும். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் சரியான பெயரைக் குறித்து வையுங்கள். அடுத்து வாசிப்பவருக்கும் உதவும்.

ஓநாய், பனி, குளிர்காலத் தூக்கம்... இதுகளை என்னெண்டு விளங்கப்படுத்துறது?

ஓநாய் இலங்கைக் காட்டில் இல்லை. வேங்கைப்புலியும் இல்லை, நமக்கிருப்பது சிறுத்தை. நரி என்ற சொல்லில் கவனம் தேவை. மேற்குக் கதைகளில் வருகிற நரி செம்மயிர், பஞ்சு வால், தனியாக வேட்டையாடும். பின்னேரம் வயலுக்கு அங்கால் கூட்டமாக ஊளையிடுகிற நம் நரி வேறு. “தனியன் நரி” என்று கதை சொல்லும்போது பிள்ளை முகம் சுளித்தால் காரணம் இதுதான்.

பனிக்கு ஐஸ் பெட்டியைக் காட்டி விளக்கினால் குளிர் விளங்கும், பசி விளங்காது. கதைக்குத் தேவை பசிதான். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிப் புல் கருகி, மாடு மெலிந்து நிற்பதை நினைக்கச் சொல்லுங்கள்: அவர்களுக்குப் பனிக்காலம் அப்படி. குளிர்காலத் தூக்கத்துக்கும் உதாரணம் இங்கேயே உண்டு. குளம் வற்றினால் குளத்தாமை சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். நம் கரடி மட்டும் எந்தக் காலத்திலும் அப்படித் தூங்குவதில்லை. பாலைப்பழக் காலத்தில் அது பழம் தின்ன வருவதை மரத்தின்கீழ் போய்ப் பார்க்கத் தேவையில்லை, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கொக்குக் கதைக்குது, தவளை கதைக்குது. மீன் மட்டும் ஏன் கதைக்காமச் சாப்பாடாகுது?

இந்த வகைக் கதைகளைப் பற்றிக் கேட்கக்கூடிய ஆகக் கெட்டிக்காரக் கேள்வி இது. பெரும்பாலும் தரம் 3, 4 பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். எல்லா விலங்கும் கதைத்தால் யாரும் யாரையும் தின்ன முடியாது. எழுத்தாளர் எங்கேயோ ஒரு கோடு கிழித்தாக வேண்டும். சிலர் மீனுக்கும் புழுவுக்கும் வாய் கொடுப்பதில்லை. சிலர் வீரர்களைப் பழமும் அப்பமும் மட்டும் தின்ன விடுகிறார்கள். சிலர் துணிந்து, கதைக்கிற இரையைக் கதைக்கிற விலங்கே தின்னுவதைக் காட்டுகிறார்கள்.

கரும்பலகையில் “இந்த உலகத்தின் விதி” என்று தலைப்புப் போட்டு ஐந்து கேள்வி எழுதுங்கள். யார் கதைப்பார்? மனிதருக்கு அது கேட்குமா? உடுப்பு உண்டா? உடம்பளவு உண்மையா, அல்லது எலியும் வளைக்கரடியும் ஒரே மேசையில் இருக்குமா? யார் யாரைத் தின்பார்? மூன்றாம் அத்தியாயம் முடியுமுன் ஐந்துக்கும் விடை கிடைத்துவிடும். பிறகு புத்தகம் தன் விதியைத் தானே மீறுகிற இடத்தைப் பிள்ளைகள் பிடிப்பார்கள். ஆபத்து வந்ததும் புதிதாக ஒரு மந்திரம் முளைத்தால், “இது முதல் சொல்லேல்லை, அளாப்பல்” என்பார்கள். விலங்கு பேசுவது பொய் என்று அவர்களுக்குத் தெரியும். விதியை மீறுவதுதான் அவர்களுக்குப் பொய்.

எங்கட வாழையை யானை முறிச்சுப்போட்டுது. இவன் யானை வீரன் எண்டு கதை வாசிக்கிறான். சரியோ?

இரவில் யானை வெடி கொளுத்திக் காவல் இருந்துவிட்டு வருகிற தகப்பனின் கேள்வி இது. பகிடியாக எடுக்கக்கூடாது. காட்டை ஒட்டிய ஊர்களில் விலங்குக் கதை பற்றிய கருத்து நகரத்துக் கருத்தாக இராது. மயில் நெல்லைத் தின்னும், பன்றி மரவள்ளியைக் கிண்டும், குரங்கு தேங்காய்க் குரும்பையைப் பிடுங்கி எறியும். “யானை நல்லது” என்று பிள்ளைக்குப் பாடம் எடுக்க இந்தக் கதை உதவாது; அப்படி எடுக்கவும் வேண்டாம்.

நாம் செய்வது, பிள்ளைக்குத் தெரிந்த யானையையும் கதை யானையையும் பக்கத்தில் வைப்பது. வளர்ந்த யானைக்கு நாளுக்கு ஏறக்குறைய 150 கிலோ தீன் வேண்டும். கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானை. வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் தனியே திரியும். தோட்டத்துக்கு அதிகம் வருவதும் அவைதான். இலங்கையில் தந்தமுள்ள ஆண் யானை குறைவு. இதெல்லாம் தெரிந்த பிள்ளை, பெருந்தந்தத்தோடு ஓர் ஆண் யானை கூட்டத்துக்கு அரசனாக வரும் கதையை வாசித்துவிட்டு “அப்பிடி இல்லை” என்று எழுதினால், அது அந்தப் புத்தகத்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல விமர்சனம். தகப்பனையும் ஒரு நாள் கூப்பிட்டு யானை எப்படி வேலிக்குள் வழி பார்க்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். கதையில் வரும் யானையைவிட அவர் சொல்கிற யானை கெட்டித்தனமாக இருக்கும்.

“பிடிச்சதோ?” எண்டு கேட்டா எல்லாரும் “ஓம் ரீச்சர்”. உண்மையான கருத்தை எடுக்கிறது எப்பிடி?

கை உயர்த்தச் சொல்லாதீர்கள். முன்வாங்கில் இருக்கும் இரண்டு பேர் உயர்த்தினால் முப்பதும் உயரும். மூன்று பால்மா ரின்னை எடுத்து மூடியில் ஒரு துளை போடுங்கள். “இன்னும் வேணும்”, “பரவாயில்லை”, “நிப்பாட்டலாம்” என்று ஒட்டி, அலுமாரிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத மாதிரி வையுங்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வரட்டும். வெறும் ரின்னில் விழும் சத்தம் எந்த ரின் என்று காட்டிக்கொடுக்கும். அடியில் ஒரு துண்டுத் துணி போட்டு வையுங்கள்.

இதைக் கால்வாசியில் ஒருமுறை, பாதியில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை செய்யுங்கள். திகதி, அத்தியாயம், வந்த பிள்ளைகளின் தொகை, மூன்று ரின்னின் எண்ணிக்கை: இவ்வளவும் ஒரு கொப்பியில். பாதியில் “நிப்பாட்டலாம்” கூடி முடிவில் குறைந்தால் கதையின் நடுப்பகுதி இழுபடுகிறது. கால்வாசியிலேயே கூடினால் பெரும்பாலும் பெயர்ச் சிக்கல்தான், மேலே சொன்ன பெயர் மட்டையைச் செய்தீர்களா என்று பாருங்கள். கொட்டையின் தொகை வந்த பிள்ளைகளின் தொகையைவிடக் கூடியிருந்தால் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து ஆதரவு திரட்டியிருக்கிறார். நடக்கும். கோபிக்காமல் திரும்ப எண்ணுங்கள்.

எழுத்தில் கருத்து வேண்டுமென்றால் ஏ4 தாளை நான்காக வெட்டிக் கருத்து மட்டையாக்கி மூன்றே கேள்வி: எந்த இடத்தில் புத்தகத்தை மூட மனம் வரவில்லை? எந்த இடத்தில் அலுத்தது? யாரை நம்பவில்லை? மூன்றாவது கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். எழுத்துப்பிழை திருத்த வேண்டாம். சிவப்புப் பேனை பட்ட அடுத்த தடவை எல்லா மட்டையிலும் “நல்ல கதை” என்ற இரண்டு சொல்தான் இருக்கும். எழுதச் சிரமப்படுகிற பிள்ளை சொல்ல, பெரிய வகுப்புப் பிள்ளை எழுதட்டும், சொன்ன சொல்லை மாற்றாமல்.

“அலுப்புக் கதை” எண்டு எழுதினா அந்த மட்டையையும் சுவரில ஒட்டுறதோ?

ஒட்டுங்கள். “எந்தப் பக்கத்தில் அலுத்தது?” என்று மட்டும் கேட்டு அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குப் புத்தகக் கருத்து எழுதித் தரட்டாம். என்னெண்டு எழுதுறது?

120 முதல் 150 சொல் போதும். முதலில் புத்தகப் பெயர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, பக்கம். மொழிபெயர்ப்பாளரை விட்டுவிடுவது பொதுவான பிழை. அடுத்து கதை இரண்டே வசனத்தில்: யார், எங்கே போகவேண்டும், எது தடுக்கிறது. முடிவைச் சொல்லக்கூடாது, முக்கியமான ஒரு சாவு இருந்தால் அதையும். பிறகு நன்றாக வந்த ஓர் இடம், பக்க எண்ணோடு. சரியாக வராத ஓர் இடம், அதுவும் பக்க எண்ணோடு. கடைசி வசனம் யாருக்குப் பொருந்தும் என்பது. “மாணவர்கள் அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்” என்ற வசனம் வந்தால் வெட்டுங்கள், அது எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டும்.

பெரும்பாலான மட்டைகளில் கதையே முழுவதும் எழுதப்பட்டிருக்கும், கருத்து ஒரு வரி. இதைத் தடுக்க, கதையை எழுதமுன் அந்த இரண்டு இடங்களையும் எழுத வையுங்கள். உலக விதி ஐந்தும் எழுதிய கொப்பி இருந்தால் அதிலிருந்தே பாதிக் கருத்து வந்துவிடும்.

ஒருத்தர் அருமை எண்டுறார், மற்றவர் குப்பை எண்டுறார். ஆரை நம்புறது?

மூன்று விடயம் பாருங்கள். கருத்துச் சொன்னவர் எந்த வயதுப் பிள்ளையோடு வாசித்தார்? எதுவரை வாசித்தார்? உதாரணம் காட்டினாரா? தானே சின்ன வயதில் வாசித்ததை நினைத்துச் சொல்கிற பெரியவரின் கருத்து அன்பானது, ஆனால் இன்றைக்கு உதவாது. “மெதுவாகப் போகிறது” என்பது தனியே வாசிக்கிற பிள்ளைக்குக் குறை. உரத்து வாசிக்கிறவருக்கு அதுவே வசதி. விருந்துச் சாப்பாட்டை இரண்டு பக்கத்துக்கு விவரிக்கிற கதைகளை விமர்சகர்கள் திட்டுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பாடவேளையில் வாசித்துப் பாருங்கள், வகுப்பில் ஒரு சத்தம் இராது.

மூலத்தைப் புகழ்கிற கருத்தை வைத்து மொழிபெயர்ப்பை வாங்க வேண்டாம். முள்ளம்பன்றி பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும்.

எலியெல்லாம் கெட்டது, கீரியெல்லாம் நல்லது. ஒரு இனத்தையே கெட்டதெண்டு எழுதலாமோ?

எழுதியிருக்கிறார்கள், நிறையவே. எழுதுகிறவருக்கு வசதி அது. மூக்கைக் கண்டதும் பகைவன் யாரென்று தெரிந்துவிடும், விளக்கத் தேவையில்லை. எங்கள் எண்ணத்தில் இது இந்த வகைக் கதைகளின் ஆகப் பெரிய பலவீனம். பிறப்பே குற்றம் என்றாகும்போது கதையில் யாருக்கும் எதையும் தீர்மானிக்க இடமில்லை. வன்னியில் இதை வாசிக்கும்போது வகுப்பில் ஓர் அமைதி விழுவதையும் கவனித்திருக்கலாம். பிள்ளைகளுக்குப் பிரசங்கம் தேவையில்லை, அவர்களுக்கு விளங்கும்.

ஒரு வேலை கொடுங்கள்: அந்தக் கெட்ட இனத்தில் ஒரு நல்லவரைக் கண்டுபிடி, நல்ல இனத்தில் ஒரு துரோகியைக் கண்டுபிடி, பக்க எண்ணோடு. இரண்டும் இருந்தால் புத்தகம் தப்பியது. ஒன்றும் இல்லையென்றால் அதைக் கருத்து மட்டையில் எழுதட்டும். விரும்பினால் ஓர் எலியின் பக்கத்திலிருந்து அதே சண்டையைச் சொல்லிப் பார்க்கட்டும். புத்தகத்தை ஒளிக்க வேண்டியதில்லை.

கதையில சண்டை வருது, மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடீனம். வாசிக்கலாமோ?

வாசிக்கலாம், ஆயத்தத்தோடு. இப்போது ஆரம்பப் பிரிவில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஊர்விட்டுப் போகிற கட்டத்தில் குரல் அடைப்பது பெரும்பாலும் வாசிக்கிறவருக்கு, அல்லது பின்னால் இருந்து கேட்கிற அம்மம்மாவுக்கு. ஆகவே முழுப் புத்தகத்தையும் நீங்கள் முதலில் தனியே வாசியுங்கள். குண்டுச் சத்தம், பிரிவு, காணாமற்போதல், பட்டினி வரும் பக்கங்களில் தாள் துண்டு வையுங்கள். அன்றைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: “இண்டைக்கு ஒரு துக்கமான பகுதி வரும், வெளியில போய் இருக்க விரும்பினா இருக்கலாம்.” காரணம் கேட்கக்கூடாது.

அமர்வை வீரர்கள் ஓர் ஒதுக்கிடத்தைச் சேர்கிற இடத்தில் முடியுங்கள். சண்டைக்கு நடுவில் மணி அடிக்க விடாதீர்கள். தேவைப்பட்டால் அன்றைக்கு மூன்று பக்கம் குறைவாக வாசியுங்கள். மே மாத நடுப்பகுதியில் இந்த அத்தியாயங்களை வைக்க வேண்டாம். ஊரே நினைவு கூருகிற கிழமை அது. இன்னொன்று கட்டாயம்: “உங்கட வீட்டிலயும் இப்பிடி நடந்ததோ?” என்று கேட்கவே கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், எழுத வைக்காதீர்கள், மட்டையில் ஒட்டாதீர்கள்.

கதையில வீரன் மண்ணைத் தோண்டிப் புதையல் எடுக்குது. பெடியள் விளையாட்டா அதைச் செய்யிறாங்கள்.

நிறுத்த வேண்டிய விளையாட்டு இது. மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. துப்புரவாக்கிய காணியிலும் பழைய வெடிபொருள் மேலே வருவதுண்டு. புதைந்த வாள், இரும்புப் பெட்டி என்று கதையில் வரும் நாளில் வாசிப்பை நிறுத்திவிட்டு நேராகச் சொல்லுங்கள்: தெரியாத இரும்பைத் தொடாதே, எறியாதே, கிண்டாதே, வந்த அடித்தடத்திலேயே திரும்பு, பெரியவர் ஒருவரிடம் சொல்லு. மண்டையோட்டுப் பலகைக்கு அங்கால் கதையும் இல்லை, விளையாட்டும் இல்லை. புதையல் விளையாட்டு வேண்டுமென்றால் வகுப்பறைக்குள் புத்தகங்களுக்கு நடுவில் துண்டுச்சீட்டு ஒளியுங்கள்.

தரம் 9 பெடியன் “சின்னப்பிள்ளை வேலை” எண்டுறான்.

அவனைக் கேட்பவனாக இருத்தாதீர்கள், வாசிப்பவனாக்குங்கள். சின்னவர்களுக்கு முன்னால் வில்லனின் குரல் அவனுக்கு. அல்லது வரைபடத்தைக் கொடுத்து, சொன்ன நாட்களுக்குள் அந்தத் தூரத்தை ஒரு சுண்டெலி நடக்குமா என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பிழை பிடிக்க ஆசைப்பட்டாவது முழுதும் வாசிப்பான்.

புத்தகத்துத் தமிழ் எங்கட தமிழ் மாதிரி இல்லை. மாத்தி வாசிக்கலாமோ?

விவரிப்பை அச்சில் உள்ளபடி வாசியுங்கள், புதிய சொல் காதில் விழட்டும். உரையாடலில் விலங்குகள் நம் பேச்சில் கதைக்கலாம். “சாப்பிட்டாச்சா” என்பது “சாப்பிட்டாச்சோ” ஆவதில் நட்டமில்லை. தலைவன் விலங்குக்குப் புத்தகத் தமிழும், அடியாட்களுக்கு நம் ஊர்ப்பேச்சும் என்று பிரித்துவிடாதீர்கள். அதைப் பிள்ளைகள் உடனே கவனிப்பார்கள்.

எங்கட காட்டை வைச்சே பிள்ளையள் இப்பிடி ஒரு கதை எழுதேலாதோ?

ஏலும். சிங்கமும் ஓநாயும் வேண்டாம் என்ற ஒரு நிபந்தனையோடு. கூட்டாளிகளைக் காட்டிலிருந்தே எடுக்கலாம். மந்தியும் புள்ளிமானும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று உதவும்: மந்தி மரத்தின் மேலிருந்து சிறுத்தையைக் கண்டு குரல் கொடுக்கும், இலையும் பழமும் உதிர்க்கும்; மானுக்கு மோப்பம். தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றித் திரியும். இருவாச்சிப் பேடு மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ள, ஆண் ஒரு கீறல் வழியாகத் தீன் ஊட்டும். சிறைக்குள் இருக்கும் அரசிக்கு வேறு என்ன வேண்டும்.

வழிக்கு ஓர் ஆற்றைப் பிடியுங்கள். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடி இரணைமடுவில் தேங்கி, பிறகு சுண்டிக்குளம் கடனீரேரியைச் சேர்கிறது. சுண்டிக்குளம் 2015இலிருந்து தேசியப் பூங்கா. ஆனி, ஆடியில் பாலைப்பழத்தோடு பயணம் தொடங்கினால் ஆவணியில் ஆறு மணலாகும், தண்ணீர் தேடுவதே முதல் ஆபத்து. ஐப்பசியில் மழை விழுந்தால் அதே ஆறு தடை. யானைவேலி, நெல் வயல், ஏ9 வீதி மூன்றையும் இரவில் கடக்கவேண்டும். எழுதத் தொடங்கமுன் கரும்பலகையில் அந்த ஐந்து விதியையும் போடட்டும், முக்கியமாக மீன் கதைக்குமா இல்லையா என்பதை. மாரி முடியும் காலத்தில் கடனீரேரிக்கு வந்து சேர்ந்தால் தண்ணீருக்குள் பூநாரைகள் நிற்கும், அவை எந்த மொழியில் கதைக்கும் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.